போர்வெல் தண்ணீரில் கிரிப்ட் செடிகள்: ஓர் இரண்டடித் தொட்டிக்கு அடிமண் தேர்ந்தெடுத்த நிகழ்வு ஆய்வு

செடி வைத்த நன்னீர்த் தொட்டிக்கு அடியில் என்ன போடலாம் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு பையின் பெயர்தான் பதிலாக வரும். இந்தக் கம்பெனி சாயில், அந்தக் கம்பெனி கிராவல் என்று. பதில் தொடங்க வேண்டிய இடம் வீட்டுக் குழாய் என்பது என் உறுதியான எண்ணம். எந்தத் தண்ணீரை ஊற்றப் போகிறோம், எந்தச் செடியை நடப் போகிறோம் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் பாதிப் பைகள் தாமாகவே கழிந்துவிடும். அதற்கு நல்ல உதாரணமாக அமைந்த ஒரு தொட்டியைப் பற்றி முழுதாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

தொட்டியும் தண்ணீரும்

இடம் சென்னை, மேடவாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடி வீடு. நண்பரின் தொட்டி. நீளம் இரண்டடி, அகலம் ஓரடி, உயரம் ஒன்றேகால் அடி. கணக்குப்படி 70 லிட்டர் வரும். அடிமண், மரக்கட்டை, மேலே விடும் இடைவெளி எல்லாம் போனால் நிஜமாக நிற்பது 50 லிட்டர் தண்ணீர். ஒரு சாதாரண எல்.இ.டி. விளக்கு, ஒரு ஹேங்-ஆன் ஃபில்டர். கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை.

வைக்க விரும்பிய செடிகள்: கிரிப்டோகோரைன் வெண்ட்டி, கிரிப்டோகோரைன் பெக்கெட்டி (சுருக்கமாக கிரிப்ட்), பின்வரிசைக்கு வாலிஸ்னேரியா, மரக்கட்டையில் கட்ட அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும். மீன் ஒரே வகைதான், செர்ரி பார்ப். இரண்டு கிரிப்ட்டும் செர்ரி பார்ப்பும் இலங்கைக்கே உரியவை. நண்பருக்கு அந்தச் சேர்க்கையில் ஒரு பிடிப்பு இருந்தது.

தண்ணீர் போர் தண்ணீர். மெட்ரோ லாரி வரும் நாள்களில் சம்ப்பில் இரண்டும் கலக்கும், மற்றபடி போர்தான். டெஸ்ட் கிட்டில் பார்த்தபோது மொத்தக் கடினத்தன்மையான ஜி.எச். 18 டிகிரி, கே.எச். 12 டிகிரி, பி.எச். 8-ஐ ஒட்டி. ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். ஆக மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 320 மில்லிகிராம் சுமார். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்க அளவாக 200-ஐயும், வேறு வழி இல்லாதபோது பொறுத்துக்கொள்ளும் உச்சமாக 600-ஐயும் வைத்திருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இந்தத் தண்ணீர் சென்னைப் புறநகருக்குப் புதிதே இல்லை. பாத்ரூம் குழாயில் வெள்ளைப் படிவு கட்டும் எந்த வீட்டிலும் இதைப் போலத்தான் இருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஜி.எச்.சைவிடக் கே.எச்.தான். அது தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டின் அளவு. பி.எச்.சைக் கீழே இறங்கவிடாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். ஆக்வா சாயில் என்று விற்கும் செடித் தொட்டி மண்ணின் திறனை மெல்ல மெல்லத் தின்று தீர்ப்பதும் அதுதான்.

ஏன் ஆக்வா சாயில் வேண்டாம் என்று முடிவானது

நண்பர் மனத்தில் முதலில் இருந்தது ஆக்வா சாயில். ஜப்பானில் கிடைக்கும் எரிமலை மண்ணை உருண்டையாக்கிச் சுட்டு விற்கும் வகை. அது நல்ல பொருள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உருண்டைகளுக்கு நடுவே வேர் எளிதாக ஓடும், உள்ளேயே நைட்ரஜன் முதற்கொண்டு சத்து இருக்கும், தண்ணீரின் கே.எச்.சை உறிஞ்சி பி.எச்.சை 6.5 பக்கம் இறக்கும். படங்களில் நாம் பார்க்கிற பச்சைக் கம்பளத் தொட்டிகளில் பெரும்பாலானவை இதன்மேல் வளர்ந்தவைதான்.

ஆனால் அந்த உறிஞ்சும் வேலைக்கு ஓர் எல்லை உண்டு. மண் துகளின் மேற்பரப்பில் எவ்வளவு அயனியைப் பிடித்து வைக்க முடியும் என்பதை அயனிப் பரிமாற்றத் திறன், சுருக்கமாக சி.இ.சி. என்பார்கள். ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 9 லிட்டர் பை, எடை 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு கிராமுக்கு 20 மில்லி ஈக்விவலன்ட் (அயனியை அளக்கும் அலகு) திறன் என்றும், அது முழுக்க கே.எச்.சை இறக்கவே செலவாகிறது என்றும் தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1600. ஒரு டிகிரி கே.எச். என்பது லிட்டருக்கு 0.357 மில்லி ஈக்விவலன்ட். நம் தண்ணீர் 12 டிகிரி, அதாவது 4.28. முதல்முறை 50 லிட்டர் நிரப்பும்போதே 214 போய்விடும். பிறகு வாரம் 15 லிட்டர் மாற்றினால் வாரத்துக்கு 64. மீதி 1386-ஐ 64-ஆல் வகுத்தால் 21 வாரம் சொச்சம். ஐந்து மாதம். அதற்கு அப்புறம் அந்த விலை கொடுத்து வாங்கிய சாயில், தண்ணீரைப் பொறுத்தவரை வெறும் கறுப்பு உருண்டை. மென்னீரில் இரண்டு மூன்று வருஷம் உழைக்கிற பொருள் இங்கே அரை வருஷத்தில் ஓய்ந்துவிடும். வேருக்கான சத்து இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்பது வேறு விஷயம்.

அந்த ஐந்து மாதமும் நிம்மதியாகப் போகுமா என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் பி.எச். மேலே ஏறும், பிறகு சாயில் இழுத்து இறக்கும். இந்த ஊசலாட்டத்தில் கிரிப்ட் இலைகள் கரையும். அதைவிடப் பெரிய கவலை அம்மோனியா. புது ஆக்வா சாயில் முதல் சில வாரம் அம்மோனியா விடும். தண்ணீர் 6.5-இல் இருந்தால் அதில் ஏறக்குறைய முழுவதும் அம்மோனியம் அயனியாகவே இருக்கும், மீனுக்கு அவ்வளவாக ஆபத்தில்லை. 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 0.8 சதவீதம்தான் நச்சு வடிவம். அதே வெப்பத்தில் பி.எச். 8 என்றால் 7.5 சதவீதம், அதாவது ஒன்பது மடங்குக்கும் மேல். சென்னையில் வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டாத வீடு அபூர்வம். சாயில் ஓய்ந்துபோய் பி.எச். திரும்ப 8-க்கு ஏறிய பிறகு, யாராவது செடியைப் பிடுங்கி அடியைக் கலக்கிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

ஆர்.ஓ. தண்ணீர் கலந்து ஊற்றலாமே என்றார் நண்பர். ஊற்றலாம். அப்படிச் செய்தால் ஆக்வா சாயில் அருமையாக உழைக்கும். ஆனால் வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் தருவதைவிட அதிகமாகக் கழிவாக வெளியேற்றும். லாரிக்குக் காத்திருக்கும் குடியிருப்பில் தொட்டிக்காக வாரா வாரம் அதைச் செய்ய அவருக்கே மனம் வரவில்லை. இதே நண்பர் கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் இருந்திருந்தால் நான் மறுபேச்சில்லாமல் ஆக்வா சாயிலுக்குச் சரி சொல்லியிருப்பேன். அந்தத் தண்ணீர் அவ்வளவு மென்மை. கிரிஸ்டல் ரெட் இறால் வளர்ப்பவர்கள், ரொட்டாலா மாக்ராண்ட்ரா போன்ற செடி வைப்பவர்கள் ஆர்.ஓ.வும் ஆக்வா சாயிலும் வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. வெண்ட்டிக்கும் வாலிஸ்னேரியாவுக்கும் அது தேவையே இல்லை. வெண்ட்டி கடின நீரைத் தாங்கும். வாலிஸ்னேரியாவோ பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளக்கூடியது, அதற்கு நம் போர் தண்ணீர் வசதியான இடம்தான்.

சரி, அப்படியானால் கடின நீரில் என்னதான் சிக்கல்? இரும்பு. பி.எச். 8 பக்கம் இருக்கும், ஆக்ஸிஜன் நிறைந்த தண்ணீரில் இரும்பு கரைந்து நிற்காது, துருவாகப் படிந்துவிடும். செடிக்கு எட்டாது. புது இலை வெளிறி வருவதற்குப் பாதி வீடுகளில் காரணம் இதுதான். ஆனால் மண்ணுக்குள் ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில் அதே துரு, கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. வேர் அதை எடுத்துக்கொள்ளும். கிரிப்ட் பெரும்பாலும் வேர் வழியாகவே சாப்பிடும் செடி. ஆக, அடிமண் செய்ய வேண்டிய வேலை தண்ணீரை மாற்றுவது அல்ல. தண்ணீர் எப்படி இருந்தாலும் இருக்கட்டும், வேர் இருக்கும் இடம் வேறு மாதிரி இருக்க வேண்டும். இந்தத் தொட்டிக்கான முடிவுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வந்தன.

வினிகர் சோதனை

மேலே மணல், அடியில் மண் என்று தீர்மானித்த பிறகு மணலைத் தேடினோம். கொளத்தூரில் ஒரு கடையில் நான்கைந்து வகையில் ஒவ்வொரு பிடி வாங்கிக்கொண்டோம். வேளச்சேரியில் நீர் சுத்திகரிப்புப் பொருள் விற்கும் கடையிலிருந்து ஃபில்டர் மணல், நண்பரின் குடியிருப்பில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த எம்-சாண்ட், பழைய தொட்டி ஒன்றில் கிடந்த ஆற்று மணல். எல்லாவற்றையும் வெள்ளைத் தட்டுகளில் பரப்பி, சமையலறை வினிகரை மேலே ஊற்றினோம். சுண்ணாம்பு கலந்திருந்தால் நுரைக்கும்.

வெள்ளைக் கூழாங்கல் என்று விற்பது உடனே நுரைத்தது. அது பளிங்குச் சில்லு, கால்சியம் கார்பனேட்தான். பார்க்க அழகாக இருப்பதால் எல்லாரும் வாங்குகிறார்கள். ஏற்கெனவே கடினமான தண்ணீரை அது இன்னும் கடினமாக்கும், கூடவே செடிக்கு ஒரு சத்தும் தராது. ஃபில்டர் மணல் சும்மா நனைந்து கிடந்தது. அது தரம் பிரித்த குவார்ட்ஸ், வினிகருக்கு அசையாது. எம்-சாண்டும் நுரைக்கவில்லை. சென்னையைச் சுற்றி உடைக்கப்படும் கல்லில் பெரும்பகுதி கிரானைட், சார்னோக்கைட் வகை, அதில் சுண்ணாம்பு இராது.

பார்க்க வேண்டியதாக இருந்தது ஆற்று மணல். முதலில் ஒன்றும் இல்லை போலத்தான் இருந்தது. குனிந்து பார்த்தால் தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு புள்ளியிலிருந்து சரம் போல நுண்ணிய குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. ஊசி முனையால் தள்ளிப் பார்த்தபோது, அரிசி நுனியளவு நத்தை ஓட்டுத் துண்டு. அதைச் சுற்றிய மணலெல்லாம் அமைதியாக இருந்தது. அந்த ஒரு துண்டால் தொட்டிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பிடி மணலில் பத்து இடத்தில் இப்படிக் குமிழி வந்தால் அந்த மணலைத் தவிர்ப்பது நல்லது. கடற்கரை மணல் அப்படித்தான் இருக்கும், உப்பும் சேர்ந்து வரும். அதை அள்ளுவதே குற்றம் என்பது தனி.

வினிகர் பலவீனமான அமிலம். டோலமைட் போன்ற கல் அதில் பளிச்சென்று நுரைக்காது. அதனால் இரண்டாவது சோதனையும் செய்தோம். சுத்தமான ஆர்.ஓ. தண்ணீரில் ஒவ்வொரு மணலிலும் ஒரு பிடி போட்டு மூடி, சில நாள் கழித்து, கரைந்த பொருளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பார்ப்பது. ஃபில்டர் மணல் பாட்டிலில் அளவு நகரவே இல்லை. பளிங்குப் பாட்டிலில் ஏறிக்கொண்டே போனது. சாயம் பூசிய நீலக் கிராவல் பாட்டிலில் டி.டி.எஸ். பெரிதாக ஏறவில்லை, ஆனால் தண்ணீரின் ஓரத்தில் லேசான நீலம் தெரிந்தது. அதற்குமேல் அதைப் பற்றிப் பேசத் தேவையில்லை.

ஆற்று மணலை நான் பரிந்துரைப்பதே இல்லை. பாலாறும் காவிரியும் கொள்ளிடமும் மணல் அள்ளப்பட்டுப் பட்டபாடு ஊருக்கே தெரியும். பத்துப் பதினைந்து கிலோதானே என்று தோன்றலாம். ஃபில்டர் மணல் அதைவிட நல்ல பொருளாக, அளவு பிரித்து, சுத்தமாகக் கிடைக்கும்போது அந்தப் பதினைந்து கிலோவுக்கும் அவசியம் இல்லை. எம்-சாண்டை விட்டதற்குக் காரணம் அதன் தூளும் கூர்மையும். எத்தனை முறை கழுவினாலும் சாம்பல் நிறத் தூள் வந்துகொண்டே இருந்தது. அந்தத் தூள் மணலின் இடுக்குகளை அடைத்துவிடும், வேருக்கும் நல்லதில்லை. கோரி போல அடியை மோந்து மோந்து தேடும் மீன் வைத்தால் உடைத்த கல்லின் விளிம்பு அதன் மீசையைத் தேய்த்துவிடும்.

மணலின் அளவு: அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் இறுகிவிடும். ஐந்துக்கு மேலே போனால் நட்ட செடி நிற்காது, தீனியும் கழிவும் இடுக்கில் இறங்கி அழுகும். 1 முதல் 2 மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்கினோம்.

அடியில் போன மண்

சுத்தக் குவார்ட்ஸ் மணலின் சி.இ.சி. ஏறக்குறைய பூஜ்யம். அதில் நட்ட கிரிப்ட் பட்டினிதான் கிடக்கும். களிமண் துகள் ஒரு கிடங்கு மாதிரி. வந்த சரக்கைப் பிடித்து வைத்து, வேர் கேட்கும்போது கொடுக்கும். ஆனால் களிமண்ணிலும் தரம் உண்டு. நம்மூர்ச் செம்மண்ணில் பெரும்பாலும் இருப்பது கயோலினைட், நூறு கிராமுக்கு 3 முதல் 15 வரைதான் திறன். கரிசலில் இருக்கும் மாண்ட்மோரிலோனைட் வகைக்கு 80 முதல் 150 வரை. அப்படியானால் கரிசல்தானே நல்லது என்று தோன்றும். கரிசலில் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கட்டி, கலந்திருப்பது சகஜம், அதோடு அதன் நுண்மை தொட்டியில் ஒருமுறை கலங்கினால் லேசில் தெளியாது. செம்மண்ணின் பலம் வேறு. அதன் சிவப்பே இரும்பு ஆக்ஸைடுதான். அந்த ஆக்ஸைடு பாஸ்பேட்டையும் இறுகப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரில் கசியவிட்டுப் பாசிக்குத் தீனி போடாது. இரும்பு கரையும் ஆழத்தில் அந்தப் பாஸ்பேட்டும் வேருக்கு விடுபடும்.

இது புது யோசனை அல்ல. 1980-களில் ஜெர்மனியில் செம்புறாங்கல் பொடியைக் கிராவலில் கலந்து, அடியில் சூடேற்றும் கம்பியும் போட்டுத் தொட்டி வைத்தார்கள். அந்தக் கல்லுக்கு லேட்டரைட் என்று 1807-இல் பிரான்சிஸ் புக்கானன் பெயர் வைத்தது கேரளத்தின் அங்காடிப்புறத்தில் பார்த்துத்தான். நம் பக்கத்து மண் அங்கே டப்பாவில் விற்பனைக்குப் போனது. சூடேற்றும் கம்பி நமக்குத் தேவையில்லை, சென்னை வெயில் அதைப் பார்த்துக்கொள்ளும்.

நர்சரியில் எரு கலக்காத செம்மண் என்று அழுத்திக் கேட்டு வாங்கினோம். சும்மா செம்மண் என்று கேட்டால் தொட்டிச் செடிக்கான கலவையைத் தந்துவிடுவார்கள். அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குயவர் களிமண்ணைக் காயவைத்துப் பொடித்துச் சேர்த்தோம், கிடங்கின் கொள்ளளவைக் கூட்டத்தான். களிமண்ணையும் வினிகரில் பார்த்த பிறகே சேர்த்தோம். ஏரி வண்டல் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும், ஆனால் நகரத்து ஏரிகளில் கலக்கும் கழிவைப் பார்க்கும்போது அங்கிருந்து ஒரு பிடி எடுக்கவும் எனக்குத் துணிவில்லை.

மண்ணைச் சல்லடையில் சலித்து, பக்கெட்டில் ஊறவைத்து, மிதக்கும் சருகையும் வேர்த் துணுக்கையும் வடித்துவிட்டு, மொட்டை மாடியில் தார்ப்பாயில் பரப்பிக் காயவைத்தோம். காய்ந்ததும் திரும்ப நனைத்து, திரும்பக் காயவைத்து, இப்படிச் சில சுற்று. நனைந்து காயும் ஒவ்வொரு சுற்றிலும் நுண்ணுயிர்கள் மண்ணில் மீந்திருக்கும் மட்கைச் சிதைத்துவிடும். தொட்டிக்குள் நடக்க வேண்டிய அழுகலை மாடியிலேயே முடித்து அனுப்புவதுதான் நோக்கம். முதல் சுற்றில் நனைத்த மண் புளித்த வாடை அடித்தது. கடைசியில் முதல் மழைக்குக் கிளம்புமே அந்த மண்வாசம் மட்டும்தான்.

மாடிக்கு வந்த நண்பரின் அம்மா, "தம்பி, இவ்வளவு பாடு எதுக்கு? ரெண்டு பிடி மண்புழு உரம் கலந்து போட்டா ஜம்முனு வருமே. என் மல்லிக்கெல்லாம் அதுதான்" என்றார்.

"பூந்தொட்டி மண்ணுக்குள்ள காத்து போகும்மா. இது தண்ணிக்கு அடியில, மேலே மணல் வேற. உரம் மக்க ஆக்ஸிஜன் வேணும், அதை மீன்கிட்ட இருந்துதான் பிடுங்கும்" என்று சொன்னேன். அவர் மல்லிச் செடியைப் பார்த்துத் தலையாட்டினார், முழுக்க ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. குளிர்ந்த ஊர்களில் உரம் கலந்த மண்ணை அடியில் போட்டு நன்றாகத் தொட்டி வைக்கிறார்கள். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வரை பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது 7.5 ஆகிவிடும். மக்கும் வேகமோ வெப்பத்தோடு கூடிக்கொண்டே போகும். வரவு குறைந்து செலவு ஏறும் இடத்தில் நாமே செலவைக் கூட்டக் கூடாது. பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் தேங்காய் நார்க் கழிவையும் இதற்காகத்தான் ஒதுக்கினோம். அது மிதக்கும், தண்ணீரைத் தேநீர் நிறமாக்கும், சரியாக அலசாவிட்டால் உப்பும் விடும்.

அடுக்கிய விதம்

தொட்டியின் அடிப்பரப்பு சுமார் 1,860 சதுர செ.மீ. ஒரு செ.மீ. உயரத்துக்கு 1.86 லிட்டர் வேண்டும். மண் இரண்டரை செ.மீ., மேலே மணல் சராசரி நாலரை செ.மீ. என்று முழுப் பரப்புக்கும் கணக்கிட்டு நாலரை லிட்டர் மண்ணும் 13 கிலோ மணலும் எடுத்துக்கொண்டோம். ஆனால் மண்ணைத் தொட்டி முழுக்கப் பரப்பவில்லை. முன்பக்கம் நான்கு விரல் அகலமும், மற்ற மூன்று பக்கம் இரண்டு விரலும் விட்டு நடுவில் மட்டும். சுற்றி மணல் மட்டுமே. கண்ணாடி ஓரத்தில் மண் கோடு தெரியாது, வெளிச்சம் பட்டு அங்கே பாசி படராது, முன்னால் மண் கசியவும் செய்யாது.

மண்ணைச் சேறாகக் குழைத்துத்தான் வைத்தோம். காய்ந்த மண்ணில் காற்று அடைபட்டிருக்கும், தண்ணீர் ஊற்றியதும் மணலைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். மணலைப் போட்ட பிறகு நாலு விரல் தண்ணீர் விட்டுச் செடியை நட்டோம். கிரிப்ட்டின் வேரைப் பாதியாக வெட்டி, இடுக்கியால் மணலைத் தாண்டி மண் தொடும் ஆழம் வரை இறக்கி, பிறகு இலையும் வேரும் சேரும் கழுத்து வெளியே தெரியும்வரை லேசாக மேலே இழுத்துவிட வேண்டும். அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் மண்ணில் புதைக்கக் கூடாது, கிழங்கு அழுகிவிடும். அவை மரத்தில். இந்த இரண்டு மட்டும் வைக்கும் தொட்டி என்றால் அடிமண்ணைப் பற்றிய இவ்வளவு பேச்சும் தேவையில்லை, எந்த மணலும் போதும்.

ஒரு கிரிப்ட் வெண்ட்டியை மட்டும் வேண்டுமென்றே முன்பக்க மணல் பட்டையில், அடியில் மண் இல்லாத இடத்தில் வைத்தோம். ஒப்பிட்டுப் பார்க்க.

அப்புறம் நடந்தது

முதல் வாரத்திலேயே கிரிப்ட் இலைகள் கண்ணாடி போலாகிக் கரையத் தொடங்கின. நர்சரியில் தண்ணீருக்கு வெளியே வளர்ந்த செடி உள்ளே வந்தால் இது நடக்கும். பதறிப் பிடுங்குபவர்கள்தான் அதைக் கொல்கிறார்கள். வேர் உயிரோடு இருக்கும். கரைந்த இலையை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருந்தோம். சத்துக் கசிவை உறிஞ்ச, வேகமாக வளரும் வாட்டர் ஸ்ப்ரைட்டை மேலே மிதக்கவிட்டோம். அம்மோனியா லேசாக எட்டிப் பார்த்தது, அடுத்து நைட்ரைட். இரண்டும் பூஜ்யமாகி அப்படியே நின்ற பிறகுதான் செர்ரி பார்ப் வந்தன. பி.எச். குழாய்த் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கீழே இருந்தது, ஆடவில்லை. கே.எச். தண்ணீரில் எப்படி வந்ததோ அப்படியே. நாங்கள் விரும்பியதும் அதைத்தான்.

ஆரம்பத்தில் மெல்லிய குச்சியால் மணலைக் குத்தினால் ஒன்றிரண்டு குமிழி வந்தது. முகர்ந்து பார்த்தால் நாற்றம் இல்லை. அழுகிய முட்டை வாடை வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதற்கு அஞ்சி மண்ணையே வேண்டாம் என்பவர்கள் உண்டு. மட்கு குறைந்த மண், இரண்டரை செ.மீ.க்கு மிகாத அடுக்கு, அடர்த்தியான வேர் என்ற மூன்றும் இருந்தால் அந்த அளவுக்குப் போகாது. கண்ணாடி ஓரத்தில் எங்காவது கறுப்புத் திட்டு தெரிந்தால் அது இரும்புச் சல்ஃபைடு. அது சல்ஃபைடை இரும்பு பிடித்து வைத்திருக்கிற இடம், அதைப் பார்த்து மட்டும் தொட்டியைக் கலைக்க வேண்டியதில்லை. செம்மண் தொட்டியில் இரும்புக்குப் பஞ்சமில்லை என்பது இங்கேயும் உதவுகிறது.

வாலிஸ்னேரியா முதலில் பிடித்துக்கொண்டது, பக்கக் கன்றுகள் பின்வரிசை முழுக்க ஓடின. கிரிப்ட் நிதானமாகத்தான் வந்தது. ஆனால் வந்த இலைகள் தடித்து, பழுப்புப் பச்சையாக, ஓரம் நெளிந்து வந்தன. முன்வரிசையில் மண் இல்லாமல் நட்ட செடி பிழைத்தது, அவ்வளவுதான். புது இலை சின்னதாக, நரம்பு மட்டும் பச்சையாக, நடுவில் மஞ்சளாக வந்தது. இரும்புப் பற்றாக்குறை இப்படித்தான் தெரியும். அதன் அடியில் களிமண் உருண்டைக்குள் மெதுவாகக் கரையும் உரத்தை வைத்துச் செய்த ரூட் டேப் ஒன்றைச் சொருகினோம். அதற்குப் பிறகு வந்த இலைகள் மண்மேல் நட்ட மற்ற வெண்ட்டியின் நிறத்துக்கு வந்துவிட்டன. ஒரே தொட்டி, ஒரே தண்ணீர், ஒரே விளக்கு. முன்பக்கம் வெளிச்சம் சற்றுக் கூடக் குறைய இருக்கலாம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் டேப் வைத்ததும் நிறம் மாறியது என்பது வெளிச்சத்தால் ஆகிற காரியமில்லை.

செடிகள் நெருங்கிவிட்டதால் நடுவிலிருந்து ஒரு வெண்ட்டியை எடுக்க வேண்டி வந்தது. மணலைச் சுற்றி விரலால் தளர்த்தி, வெளியே இழுக்காமல் பக்கவாட்டில் அசைத்து அசைத்து எடுத்தோம். மணலில் இருந்த மேல்பகுதி வேர் வெள்ளையாக இருந்தது. மண்ணுக்குள் போன பகுதியின்மேல் துரு நிறத்தில் ஒரு மெல்லிய பூச்சு, நகத்தால் சுரண்டினால் பொடியாக வந்தது, உள்ளே அதே வெள்ளை வேர். இலையிலிருந்து தண்டு வழியாக வரும் ஆக்ஸிஜனை வேர் தன்னைச் சுற்றி விடுகிறது. அது கரைந்த இரும்பைத் தொட்டதும் அங்கேயே துருவாகப் படிகிறது. நெல் வேரிலும் இதே பூச்சைப் பார்க்கலாம். சேற்றில் நிற்கும் செடி தன் வேரைச் சுற்றிய சூழலைத் தானே சரி செய்துகொள்வதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. நண்பர் அந்த வேரைத் தட்டில் வைத்து அம்மாவிடம் காட்டினார்.

பராமரிப்பில் இரண்டு கட்டுப்பாடுதான் வைத்துக்கொண்டோம். சிஃபான் குழாயை மணலுக்குள் இறக்குவதில்லை, மேலே கிடக்கும் கழிவை மட்டும் இழுப்பது. செடியை எடுக்க வேண்டுமானால் பெரும்பாலும் கழுத்தோடு வெட்டிவிட்டு வேரை உள்ளேயே மக்கவிடுவது. எங்கிருந்தோ வந்து சேர்ந்த டிரம்பெட் நத்தைகளை அப்படியே விட்டுவிட்டோம், அவை மணலின் மேலடுக்கைக் கிளறிக் கொடுக்கின்றன. கூலி லோச் என்ற மீனை வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். அது மணலுக்குள் புகுந்து திரியும், மண் வெளியே வரும் என்பதால் இந்தத் தொட்டிக்கு வேண்டாம் என்றேன்.

இந்த மண்ணில் உள்ள நைட்ரஜன் முதலில் தீரும், அதைப் பெரும்பாலும் மீன் கழிவு ஈடுகட்டும். பொட்டாசியம் அடுத்துக் குறையும். பழைய இலைகளில் ஊசி குத்தியது போல ஓட்டைகள் வந்தால் பொட்டாசியம் சல்ஃபேட்டைக் கொஞ்சம் தண்ணீரில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். இரும்பும் பாஸ்பேட்டும் நீண்ட காலம் வரும். ஏதாவது ஒரு பக்கம் மட்டும் செடி தளர்ந்தால் அந்த இடத்தில் ஒரு களிமண் உருண்டையைப் புதைத்தால் போதும், தொட்டியைக் கலைக்க வேண்டியிராது. அடுத்து முன்பக்க மணல் பட்டையில் கிரிப்டோகோரைன் பார்வாவைக் கம்பளம் போல வளர்க்க நண்பர் ஆசைப்படுகிறார். கிரிப்ட்களிலேயே மிக மெதுவாக வளர்வது அது, வெளிச்சமும் கூடுதலாகக் கேட்கும். நட்டுப் பார்க்கட்டும். ஆனால் ஒவ்வொரு கொத்துக்கு அடியிலும் டேப் வைத்துவிட்டு நட வேண்டும், விளக்கைக் கூட்டும் வேலையைச் செடி வேர்பிடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.